விழுந்தவர்கள் நோட்டு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அது கோபமில்லை, அவசரம். பல் மருத்துவமனையில் பதினெட்டு வருஷமாக உதவியாளராக இருப்பவளுக்கு அவசரம் வராமல் வேறென்ன வரும்? டாக்டர் கையை நீட்டுவதற்குள் கண்ணாடி, கையைத் திருப்புவதற்குள் இடுக்கி, வந்தவர் எங்கே துப்புவது என்று விழிப்பதற்குள் தண்ணீர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் "அந்த..." என்று தொடங்கினால் "அலமாரியில இருக்கு, ரெண்டாவது தட்டு" என்று நானே முடித்துவைப்பேன். பத்துக்கு ஏழு தடவை சரியாக இருக்கும். மீதி மூன்றுக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை.

இப்படிப்பட்டவள் கையில் டிஜே கண்ட்ரோலர் வந்து சேர்ந்ததற்கு என் மகள்தான் காரணம். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினாள். இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் ஃபேடர்கள், ஏகப்பட்ட பொத்தான்கள். லேப்டாப்பில் செருகிவிட்டால் இரண்டு பாட்டுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். பதினோரு நாள் தடதடவென்று என்னவோ செய்தாள். பன்னிரண்டாம் நாள் ஸ்கேட்டிங் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கண்ட்ரோலர், இஸ்திரி போடும் மேசைமேல் துணிகளுக்கு அடியில் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்து மடித்துவிட்டு, தூசியைத் துடைக்கலாம் என்று ஈரத்துணியோடு போனேன். மகள் வயரைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பில் ஏதோ பாட்டை ஓடவிட்டுப் போயிருந்தாள். தட்டின் மேல் கை பட்டதும் அந்தப் பாட்டு 'வீர்ர்' என்று பின்னால் போய்விட்டு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடியும் கையை வைத்தேன்.

துணி மடிக்கப் போனவள் இரண்டு மணி நேரம் கழித்து வந்தேன். சமையல் ஆகவில்லை. அன்றைக்கு எல்லோரும் ரொட்டியும் ஜாமும்தான்.

முதல் மாதம் நான் செய்ததைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்கே ரோஷம் வரும். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த பாட்டின் தாளத்தை அதோடு ஒட்டவைக்க வேண்டும். ஒரு காதில் ஹெட்ஃபோன், அதில் வரப்போகும் பாட்டு. மற்றக் காதில் ஓடுகிற பாட்டு. இரண்டின் தாளத் தட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். என் கையில் அவை விழுந்த லட்சணம், இரண்டு பேர் செருப்போடு மாடிப்படியில் போட்டி போட்டு இறங்குவது போல இருந்தது. பக்கத்து வீட்டம்மா சுவரைத் தட்டினார். தட்டியது என் பாட்டைவிடத் தாளத்தில் இருந்தது.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படற? இந்த சிங்க் பட்டனை அமுக்கினா அதுவே ஒட்டிக்கும்."

அமுக்கிக் காட்டினாள். ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! நாக்கு தள்ளிப்போய் நான் செய்வதை ஒரு பொத்தான் செய்து காட்டினால் அப்புறம் நான் எதற்கு? மறுநாள் மருத்துவமனையிலிருந்து ஒரு பிளாஸ்திரி கொண்டுவந்து அந்தப் பொத்தானை ஒட்டி மூடினேன்.

"காயம் பட்டிருக்கா அதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"படும்" என்றேன்.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் முக்கால் மணி நேரம். இஸ்திரி மேசை சரியான உயரம், முதுகு வலிக்காது. ஒரு நோட்டில் ஒவ்வொரு பாட்டின் பெயரும், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதும் எழுதினேன். நாலு நாலாக எண்ணி, எட்டாக்கி, முப்பத்திரண்டில் பாட்டு மூச்சு வாங்கும் இடம் எங்கே என்று கண்டுபிடித்தேன். வாசித்ததைப் பதிவு செய்து பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவேன். அது ஒரு தண்டனை. வீட்டில் வாசிக்கும்போது அமிர்தமாக இருந்தது, பஸ்ஸில் கேட்டால் எங்கே ஓடி ஒளிவது என்று இருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவர் 'தலைவலியா?' என்று கேட்டிருக்கிறார்.

நாலாவது மாதம் இரண்டு பாட்டுகள் ஒட்டின. அந்த இரண்டு பாட்டுகள் மட்டும். அதையே மூன்று வாரம் ஒட்டிக்கொண்டிருந்தேன். "வேற ரெண்டு பாட்டு உலகத்துல இருக்கும்மா" என்று மகள் கெஞ்சினாள். எட்டாவது மாதம் எந்த இரண்டைக் கொடுத்தாலும் கொஞ்சம் முக்கி முனகி ஒட்டிவிடுவேன். ஒரு வருஷம் ஆனபோது, சுவரைத் தட்டிய பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "இன்னிக்கு ஏன் போடல?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகளை ஞாயிறு மாலை ஸ்கேட்டிங் ரிங்க்குக்குக் கூட்டிப்போவது என் வேலை. பெரிய கூடம், வழவழ மரத்தரை, சுற்றிலும் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி. வாசலில் சக்கரக் காலணி வாடகைக்கு. அங்கே பாட்டுப் போட ஆள் கிடையாது. முதலாளி ஒரு பென்டிரைவைச் செருகிவிட்டுக் கவுண்டரில் உட்கார்ந்துவிடுவார். அதில் மெல்லிய காதல் பாட்டுக்கு அடுத்து குத்துப்பாட்டு வரும், அதற்கடுத்து ஏதோ அழுகைப் பாட்டு. தரையில் காவலுக்கு ஓர் அக்கா. கனத்த உடம்பு, ஆனால் சக்கரத்தில் ஏறினால் பஞ்சாகப் போவார். கழுத்தில் விசில், இடுப்பில் கயிறு கட்டிய சிறிய நோட்டு. விசிலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். யாராவது விழுந்தால் விசில் ஊதி, தூக்கிவிட்டு, நோட்டில் ஒரு கோடு போடுவார். முதலாளிக்கு விழுவது என்றால் பயம். ஒரு தடவை யாரோ சண்டைக்கு வந்துவிட்டார்களாம்.

ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு நாள் சட்டென்று புரிந்தது. விழுகிறவர்கள் பாட்டு மாறும்போதுதான் விழுகிறார்கள். கால் ஒரு வேகத்துக்குப் பழகியிருக்கும், பாட்டு திடீரென்று எகிறும், கால் குழம்பும், தொபுக்கடீர். எனக்கு இன்னொன்றும் தெரியும். எங்கள் மருத்துவமனைக்குத் திங்கட்கிழமை காலைகளில் முன்பல் உடைந்து வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரிங்க்கிலிருந்துதான் வருகிறார்கள்.

நேரே கவுண்டருக்குப் போனேன்.

"சார், உங்க பென்டிரைவ் பல்லை உடைக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மெல்லிய மனிதர், எப்போதும் சோர்வாக இருப்பார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "அதுக்கு நீங்க என்ன பண்ணப்போறீங்க?" என்றார்.

"நான் போடறேன் பாட்டு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போடுவேன். மாறினதே தெரியாது."

அவர் விசிலக்காவைக் கூப்பிட்டு நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமைக்குச் சராசரியா ஒன்பது பேர் விழறாங்க. நாலு வாரம் தர்றேன். நாலாவது வாரம் ஒன்பதுக்குக் கீழ வந்தா இந்த ஞாயிறு நேரம் உங்களுக்கு. வரலேன்னா பென்டிரைவ். அது வாய் பேசாது பாருங்க."

கடைசி வாக்கியம் எனக்குத்தான். வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த நேரம் வேண்டும். சொல்வதற்கு என்ன, உயிரே போகிற மாதிரி வேண்டும். பதினெட்டு வருஷமாக நான் எடுத்துக்கொடுப்பவள். மற்றவர்கள் செய்வதற்கு வேண்டியதை எடுத்துக் கையில் கொடுப்பவள். நானே செய்கிற ஒன்று, எல்லோரும் பார்க்க நான் செய்கிற ஒன்று, அந்த இஸ்திரி மேசையைத் தாண்டி வெளியே வர வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

முதல் ஞாயிறு. வீட்டுக்காரர் ஸ்பீக்கர் வயரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தின் ஓரத்துச் சின்ன மேடையில் வைத்தார். அவர் வேலை, பெரிய கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் பெயின்ட் அடிப்பது. பன்னிரண்டாம் மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு டீ குடிக்கிற மனுஷன். "கூட்டம் கம்மியா இருந்தா உனக்கு ஒரு ஆளாவது ஆகட்டும்" என்று அவரும் ஒரு ஜோடி சக்கரக் காலணியை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டியதும் தெரிந்தது, கையில் கயிறில்லாத இடத்தில் அவர் தைரியம் எவ்வளவு என்று. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தவர் பிடித்தவர்தான். நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு மணி நேரத்தில் கால் சுற்று முடித்தார்.

நான் அவரை எங்கே பார்த்தேன்! என் கண் லேப்டாப்பில். ஒரு வருஷப் பயிற்சியையும் அன்றைக்கே கொட்டித் தீர்த்தேன். நிமிடத்துக்கு நூறு தட்டில் தொடங்கி, நூற்று மூன்று, நூற்று ஏழு என்று படிப்படியாக ஏற்றினேன். ஒரு பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. இரண்டு மணி நேரமும் இழை அறுபடவில்லை. விசில் சத்தம் மட்டும் அடிக்கடி கேட்டது. அதுவும் பாட்டோடு நன்றாகத்தான் சேர்ந்தது.

முடிந்ததும் விசிலக்கா வந்தார். வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இருபத்தி மூணு."

"எது?"

"விழுந்தது. பென்சில் முனையே தேஞ்சுபோச்சு."

நான் நம்பவில்லை. நோட்டைப் பிடுங்கி எண்ணினேன். இருபத்து மூன்றுதான்.

"உன் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல கொஞ்சம் நின்னாத்தானே ஜனங்க கம்பியைப் பிடிச்சு மூச்சு வாங்குவாங்க? பென்டிரைவ்ல ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அஞ்சு வினாடி சும்மா இருக்கும். நீ அதையும் விடாம அடைச்சுட்ட. வேகமும் ஏறிக்கிட்டே போகுது, அவங்களுக்கு ஏறுறதே தெரியல. கால்ல சக்கரம், நிறுத்தவும் முடியல, பாவம்."

எது என் பெருமையோ அதுவே ஆளைக் கவிழ்த்திருக்கிறது. இடைவெளி விடாமல் ஒட்டக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் எடுத்துக்கொண்டேனே என்று வயிறு எரிந்தது.

இரண்டாம் ஞாயிறு வீம்புக்கு எல்லாவற்றையும் மெதுவாகப் போட்டேன். எண்பதைத் தாண்டவில்லை. விழுந்தது இரண்டே பேர். வெற்றி என்று நிமிர்ந்தால் கூடத்தில் பாதியைக் காணோம். மகள் கம்பியில் சாய்ந்து கொட்டாவி விட்டாள்.

"ரெண்டுதான் சார்" என்றேன் முதலாளியிடம்.

"விழறதுக்கு ஆள் இருந்தாத்தானேம்மா விழுவாங்க" என்றார்.

மூன்றாம் ஞாயிறைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். மகள் விடமாட்டாள், எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைத்து எல்லாம் சரியாகவே போயிற்று. நடுவில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டு. ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசித்தேன். ஒரு நிமிடம் இருக்கும். கண்ணைத் திறந்தால் கூடமே சிலையாக நின்று என்னைப் பார்க்கிறது. பழைய பாட்டை இறக்கிவிட்டேன், புதிய பாட்டின் ஃபேடரை ஏற்ற மறந்துவிட்டேன். பாட்டு என் ஹெட்ஃபோனுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நூறு பேர் நிசப்தத்தில் நிற்க, ஓர் அம்மாள் மட்டும் மேடையில் சாமி வந்தவள் போல ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதறிப்போய் ஃபேடரை ஒரே தள்ளாகத் தள்ளினேன். முழுச் சத்தத்தில் பாட்டு வெடித்ததும் ஆறு பேர் ஒரே சமயத்தில் விழுந்தார்கள். விசிலக்கா ஒரே விசிலில் முடித்துக்கொண்டார். மொத்தம் பதினாலு.

வீட்டுக்கு வந்ததும் கண்ட்ரோலரை இஸ்திரி மேசைமேல் தொப்பென்று போட்டேன். "வித்துடுங்க இதை. எனக்கு வேணாம். வேற வேலை இல்லாம ஆடினேன், எல்லாரும் சிரிச்சாச்சு, போதும்." அழுதால் அதற்கும் கோபம் வரும் எனக்கு. அதனால் அலமாரிக் கதவைப் படீரென்று சாத்தினேன்.

வீட்டுக்காரர் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாகக் கம்பியோடு நடந்ததில் இடுப்பு பிடித்திருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா?"

"சிரிக்கத்தானே போறீங்க, சிரிங்க."

"இல்ல. நீ முழுசாக் கேளு. நான் அந்தக் கம்பியில நிக்கறேன் இல்ல, ஒவ்வொரு பாட்டுக்கும் கையை விடலாமான்னு பார்ப்பேன். முதல்ல கால் நடுங்கும். பாட்டு போகப் போக, காலுக்கு அது பிடிபடும். சரி, இப்ப விட்டுடலாம்னு ஒரு விரலை எடுப்பேன். அந்த நேரம் பார்த்து நீ மாத்திடுவ. மறுபடி முதல்லேருந்து."

அலமாரியை விட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"பன்னெண்டு மாடிக்குக் கயிறு இறக்கறவன் கயிறையே பார்த்துக்கிட்டு இறக்க மாட்டான். கீழ இருக்கறவன் காலைப் பார்த்துத்தான் விடுவான். நீ எங்க காலைப் பார்க்கவே இல்ல. அந்த டப்பாவைத்தான் பார்க்கற."

உண்மை என்று தெரிந்த உடனே ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. ராத்திரி முழுக்கத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். காலையில் எழுந்து லேப்டாப் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

"ரெண்டு பேரும் சாக்ஸ் போட்டுக்கிட்டு வாங்க" என்றேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைப் பக்கத்து வீட்டம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நாற்காலி மேசையெல்லாம் சுவரோரம். வழவழத் தரையில் அப்பாவும் மகளும் சாக்ஸ் காலோடு வழுக்குவார்கள். நான் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று அவர்கள் முழங்காலைப் பார்ப்பேன். முழங்கால் விறைத்திருந்தால் பாட்டு இன்னும் காலுக்குள் போகவில்லை. தோள் இறங்கி, முழங்கால் லேசாக மடங்கினால் போய்விட்டது. அப்போதுகூட உடனே மாற்றக் கூடாது. அதற்கப்புறம்தான் அவர்கள் அனுபவிக்கவே தொடங்குகிறார்கள். எத்தனை நாள் அந்த இடத்தில் வெட்டியிருக்கிறேன்!

எனக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். அடுத்த பாட்டு தயாராக நிற்கும், விரல் ஃபேடரில் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவேன். எட்டு. இன்னொரு எட்டு. "அம்மா மூஞ்சியைப் பாருப்பா, தும்மல் வராத மாதிரி இருக்கு" என்று மகள் சிரிப்பாள். புதன்கிழமை அவர் அலமாரியில் மோதிக் கதவில் ஒரு பள்ளம் விழுந்தது. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டம்மாவும் சாக்ஸ் கேட்டார். அவ்வளவு சந்தோஷமான வாரம் சமீபத்தில் எங்கள் வீட்டில் வந்ததில்லை.

நாலாம் ஞாயிறு. கூட்டம் வந்திருந்தது. டிஜே அம்மாள் ஊமைப்பாட்டுப் போட்ட கதை பரவி, வேடிக்கை பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள் என்று மகள் சொன்னாள். முதலாளி கவுண்டரை விட்டு வந்து ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரையை மூடினேன். காலைப் பார்த்தேன்.

மெதுவாகத் தொடங்கினேன். முழங்கால்கள் மடங்கும்வரை விட்டு, அப்புறம் இரண்டு தட்டு ஏற்றினேன். மூன்று பாட்டு ஒட்டிப் போட்டதும் நானே ஒரு இடைவெளி விட்டேன், வெறும் டிரம்ஸ் மட்டும் மெல்ல ஓட. ஜனங்கள் கம்பிக்குப் போய் மூச்சு வாங்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள். மறுபடி கூப்பிட்டேன், வந்தார்கள். வேகமாகப் போகிறவர்களுக்கு ஒரு பத்து நிமிடம் நல்ல உருட்டு உருட்டிவிட்டு, சின்னப் பிள்ளைகள் தரைக்கு வருவதைப் பார்த்ததும் மெல்ல மெல்ல இறக்கினேன். ஏற்றும்போது தெரியாத மாதிரி ஏற்றத் தெரிந்தவளுக்கு இறக்கவும் தெரியாமலா போகும்? நூறு பேரின் கால்கள் என் விரலுக்குக் கீழே வேகம் குறைந்தன. யாருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும்தான் தெரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முதல் ஒரு மணி நேரத்தில் விசில் நாலு தடவை. அப்புறம் ஒன்று. இரண்டு பையன்கள் வம்புக்குத் தள்ளிக்கொண்டு விழுந்ததையும் விசிலக்கா கறாராக எழுதினார். அப்புறம் இன்னொன்று. எட்டு. இன்னும் அரைமணி நேரம் பாக்கி. விசிலக்கா என்னைக் கடக்கும்போதெல்லாம் எட்டு விரலைக் காட்டிக்கொண்டு போனார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு மெதுவான பாட்டு. அடுத்து வரவேண்டியது நான் இரண்டு மாதம் உயிரைக் கொடுத்துப் பழகிய இடம். இந்தப் பாட்டின் கடைசி வரியிலிருந்து அடுத்த பாட்டின் முதல் வரி பிறப்பது போல இருக்கும். முதலாளி கேட்க வேண்டும் என்றே வைத்திருந்தேன். விரல் ஃபேடரில். தலையை நிமிர்த்தினேன், என் வீட்டுக்காரர் தெரிந்தார்.

கம்பியில் ஒரு கைதான் இருந்தது. அந்தக் கையிலும் இரண்டு விரல். தோள் இறங்கியிருந்தது. முழங்கால் மடங்கியிருந்தது. உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.

பாட்டோ முடியப்போகிறது. மாற்றினால் அவர் மறுபடி முதலிலிருந்து. மாற்றாவிட்டால் நின்றுவிடும். பெரிதாக யோசிக்கவில்லை. கடைசி எட்டுத் தட்டைப் பிடித்துச் சுழலவிட்டேன், அதே எட்டு திரும்பத் திரும்ப வரும்படி. என் அருமையான அடுத்த பாட்டு ஹெட்ஃபோனில் ஓடி, ஓடி, வீணாகப் போய்விட்டது. போகட்டும். எட்டு. இன்னொரு எட்டு. மனுஷா, விடு. இன்னொரு எட்டு.

விட்டார்.

இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, கயிற்றில் தொங்கும்போதுகூட இப்படிப் பயந்திருக்க மாட்டார், தரையின் நடுவுக்கு வந்தார். மகள் எங்கிருந்தோ பறந்து வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். தொடவில்லை, கூடவே போனாள். விசிலக்கா மற்றவர்களை ஒதுக்கி வழி விட்டார். ஒரு முழுச் சுற்று. என் மேடைக்கு நேரே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்ததில் கால் இடறி, மேடை அதிர உட்கார்ந்தார்.

விசில் ஊதவில்லை. விசிலக்கா நோட்டும் பென்சிலுமாக என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, எழுதட்டுமா? இல்ல, நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்னு வச்சுக்கலாமா?"

கீழே பார்த்தேன். வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே பின்புறத்தைத் தடவிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் தரையில் புரண்டு சிரித்தாள். எனக்கு அந்த நேரம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று முன்பே சொன்னேன். ஆனால் அவர் விழுந்ததை விழவில்லை என்று சொன்னால், கையை விட்டதையும் விடவில்லை என்று ஆகிவிடாதா?

"எழுதுங்கக்கா" என்றேன். "பெருசா எழுதுங்க."

விசிலை ஊதிவிட்டு எழுதினார். இனி நேரம் இருந்தும் என்ன என்று பாட்டை நிறுத்தினேன். முதலாளி வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஒன்பது."

"ஆமா சார்."

"பென்டிரைவும் ஒன்பதுதான்."

"தெரியும் சார்" என்று வயரைச் சுற்றத் தொடங்கினேன். முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்துகொண்டு வேகமாகச் சுற்றினேன்.

"கடைசியா விழுந்தது யாரு? கம்பியிலேயே நிப்பாரே, அவரா?"

"என் வீட்டுக்காரர்."

அவர் தரையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். எப்போதும் சோர்ந்திருக்கும் அந்த முகத்தின் ஓரத்தில் என்னவோ அசைந்தது.

"ஒண்ணு பண்ணுங்க. நேரத்தை எடுத்துக்கோங்க. அடுத்த வாரத்துலேருந்து அவரை மட்டும் வீட்ல விட்டுட்டு வாங்க. எட்டுல நிக்கும்."

யோசித்திருக்கலாம். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் கைக்கு வந்திருக்கும். ஆனால் நான்தான் நானாயிற்றே.

"அவர் வரலேன்னா நானும் வரல சார். பென்டிரைவையே போட்டுக்கோங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் தரையின் நடுவிலிருந்து ஒரு குரல்.

"ஏன் நிறுத்திட்ட?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்படி எழுந்தாரோ! சுற்றிலும் பிடிக்க ஒன்றுமில்லை, கம்பிக்கு முப்பதடி தூரம். விரித்த கையோடு, அசைந்தால் போச்சு என்று ஆணி அடித்தது போல நின்றார். கூடமே அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

"சரி, ரெண்டு பேருமே வாங்க" என்றார் முதலாளி. "ஒன்பதோ பத்தோ, நான் பார்த்துக்கறேன். முதல்ல பாட்டைப் போடும்மா, மனுஷன் நடுவுல நிக்கறார்."

சுற்றிய வயரைப் பிரித்துச் செருகினேன். கண்ணீரில் பொத்தான்கள் மங்கலாகத் தெரிந்தன. அழுதேன், அதில் என்ன வெட்கம். அவருடைய காலுக்குத் தெரிந்த அதே மெதுவான பாட்டைப் போட்டேன். தோள் இறங்கியது. முழங்கால் மடங்கியது. ஒவ்வொரு அடியாக நகர்ந்து கம்பிவரை வந்து சேர்ந்தார். கம்பியைத் தொடாமல் அப்படியே திரும்பி, இன்னொரு சுற்றுப் போனார்.